ஸ்டார் 4.3... ஆனா ரிவியூ பயமுறுத்துதே! மரக்காணம் - கீழ்புத்துப்பட்டு கடற்கரை ரிசார்ட்டை எப்படித் தேர்வு செய்வது?

பள்ளி விடுமுறை வந்தாலே வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு. "அக்கா, ஈசிஆர்ல ரெண்டு ரிசார்ட் பார்த்து வச்சிருக்கேன். சாப்பாடு எல்லாம் சேர்த்து பேக்கேஜ். எதை புக் பண்ணட்டும்?" என்று தம்பி கேட்பார். அரை மணி நேரத்தில் அக்காவிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். "இதைப் படிச்சியா? சாப்பிட்டு குழந்தைக்கு வாந்தியாம். வேண்டாம்டா." இன்னொரு ரிசார்ட்டின் ரிவியூவைத் திறந்தால், "நீச்சல்குளத் தண்ணீர் பச்சையாக இருந்தது" என்கிறது. இரண்டுக்குமே ஸ்டார் 4-க்கு மேல். எதை நம்புவது?

புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டைத் தாண்டியதும் வரும் கீழ்புத்துப்பட்டு தொடங்கி மரக்காணம் உப்பளங்கள் வரையிலான கடற்கரையில் தங்க நினைக்கும் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம். ஸ்டார் எண்ணிக்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எந்தப் புகாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைச் சிரித்துவிட்டுக் கடக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், அந்த ரிசார்ட் எந்த ஊரில் இருக்கிறது?

விளம்பரத்தில் 'பாண்டிச்சேரி பீச் ரிசார்ட்' என்று இருக்கும். ஆனால் இடம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கலாம். இந்தப் பகுதியின் எல்லைக்கோடு அப்படி. புதுச்சேரி நகரிலிருந்து ஈசிஆரில் வடக்கே கிளம்பினால் முதலில் வரும் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. அடுத்து வரும் காலாப்பட்டு மீண்டும் புதுச்சேரி. பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். அதைத் தாண்டி மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் உள்ள கீழ்புத்துப்பட்டு மறுபடியும் தமிழ்நாடு.

இது பெயர் விவகாரம் மட்டுமல்ல. பிரச்சனை என்றால் எந்தக் காவல் நிலையம் என்பதை இந்த எல்லைதான் தீர்மானிக்கிறது. மது விதிகளும் மாறும். புதுச்சேரியில் விலை குறைவு என்று பாட்டில் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ரிசார்ட்டுக்கு வந்தால், அது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் குற்றம். "வழியில் போலீஸ் நிறுத்திட்டாங்க, ரிசார்ட்டில் சொல்லவே இல்லை" என்று யாராவது ஒரு ஸ்டார் கொடுத்திருந்தால், அந்தக் கோபத்துக்கும் ரிசார்ட்டின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. புக் செய்வதற்கு முன் மேப்பில் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஊர்ப்பெயரை உறுதி செய்வது முதல் வேலை.

'எல்லாம் சேர்த்து' என்றால் எதெல்லாம்?

அறை, மூன்று வேளை உணவு, பானங்கள், விளையாட்டு என எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் என்ற முறையை உலகப் புகழ் பெற வைத்தது பிரான்ஸின் கிளப் மெட் நிறுவனம். 1950-ல் ஸ்பெயினின் மயோர்கா தீவில் கூடாரங்களில் தொடங்கிய முயற்சி அது. பின்னர் ஜமைக்கா, டொமினிகன் குடியரசு, மெக்சிகோவின் கான்குன் என கரீபியன் கடலோரம் முழுக்க இந்த வகை ஹோட்டல்கள் பெருகின.

நம்மூரில் அதே வார்த்தையைப் போட்டாலும் அர்த்தம் வேறு. இங்கே உணவுத் திட்டங்களுக்கு நான்கு சுருக்கெழுத்துகள் உண்டு.

• ஈ.பி: அறை மட்டும். உணவு கிடையாது.
• சி.பி: அறையுடன் காலை உணவு.
• எம்.ஏ.பி: காலை உணவுடன், மதியம் அல்லது இரவு ஒரு வேளை.
• ஏ.பி: மூன்று வேளை உணவு.

பெரும்பாலும் 'ஆல் இன்க்ளூசிவ்' என்று இங்கே விற்கப்படுவது ஏ.பி. திட்டம்தான். மாலை டீ, குழந்தைகளுக்கான ஸ்நாக்ஸ், படகு சவாரி, கேம்ப் ஃபயர் எல்லாம் தனிக் கணக்காக இருக்கலாம். மது பெரும்பாலும் சேராது. "எல்லாம் ஃப்ரீன்னு சொல்லிட்டு தண்ணி பாட்டிலுக்குக்கூட காசு வாங்கினாங்க" என்ற ரிவியூக்களுக்குப் பாதிக் காரணம் இந்தக் குழப்பம்.

இன்னொரு விஷயம், பஃபே. வார இறுதியில் கூட்டம் இருக்கும்போது போடப்படும் பஃபே, செவ்வாய், புதன்கிழமைகளில் நான்கு அறைகள் மட்டுமே நிரம்பியிருந்தால் 'செட் மெனு'வாகச் சுருங்கிவிடும். சனிக்கிழமை போனவர் ஐந்து ஸ்டாரும் புதன்கிழமை போனவர் இரண்டு ஸ்டாரும் கொடுத்திருப்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையே.

ஜிஎஸ்டி கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் அறைக் கட்டணம் 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். உணவையும் சேர்த்து ஒரே தொகையாக பில் போடும்போது 7,500-ஐத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம்.

உதாரணத்துக்கு இரண்டு ரிசார்ட்களை வைத்துக்கொள்வோம். ஒன்றில் மூன்று வேளை உணவுடன் 9,500 ரூபாய். 18 சதவீத வரியுடன் 11,210 ரூபாய். இன்னொன்றில் காலை உணவுடன் 6,000 ரூபாய். வரியுடன் 6,300. மதியமும் இரவும் வெளியே சாப்பிட 2,700 ரூபாயும் 5 சதவீத வரியும் என்றால் 2,835. ஆக மொத்தம் 9,135 ரூபாய். வித்தியாசம் 2,075 ரூபாய். சின்னக் குழந்தைகளையும் வயதான அம்மா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்காக காரில் அலைய வேண்டாம் என்றால் அந்த 2,075 ரூபாய் நியாயமான செலவுதான். ஊர் சுற்றும் திட்டம் இருந்தால் வீண்.

ரிவியூவை நம்பலாமா? உலகம் சொல்லும் இரண்டு பாடங்கள்

2019-ல் டொமினிகன் குடியரசின் 'ஆல் இன்க்ளூசிவ்' ஹோட்டல்களில் தங்கிய அமெரிக்கப் பயணிகள் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். மதுவில் விஷம் கலந்துவிட்டதாகச் செய்திகள் பரவின. பழைய ரிவியூக்களைத் தோண்டியெடுத்து "எனக்கும் அங்கே உடம்பு சரியில்லாமல் போனது" என்று நூற்றுக்கணக்கானோர் எழுதினர். பலர் பயணத்தை ரத்து செய்தனர். அதே ஆண்டு அக்டோபரில், எஃப்.பி.ஐ. நடத்திய நச்சுப் பரிசோதனை முடிவுகள், இயற்கையான மரணம் என்ற உள்ளூர் அதிகாரிகளின் முடிவோடு ஒத்துப்போவதாக அமெரிக்க வெளியுறவுத் துறை தெரிவித்தது. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் போகும் நாடு அது. அவ்வளவு பேர் போகும் இடத்தில் சில மரணங்கள் நிகழும். எல்லாவற்றையும் ஒரே நூலில் கோர்த்தால் பயம்தான் மிஞ்சும்.

இதற்கு நேர் எதிரான கதை 2017-ல் வெளிவந்தது. மெக்சிகோவின் கரீபியன் கடலோர ஹோட்டல் ஒன்றில் தனக்கு நடந்த பாலியல் வன்கொடுமை பற்றி ஒரு பெண் 2010-ல் டிரிப் அட்வைசர் தளத்தில் எழுதி எச்சரித்திருந்தார். அந்தப் பதிவு நீக்கப்பட்டிருந்தது. அமெரிக்க நாளிதழ் ஒன்று இதை அம்பலப்படுத்திய பிறகு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பதிவை மீண்டும் இடம்பெறச் செய்தது.

ஒரு பாடம்: எல்லா எச்சரிக்கையும் உண்மை அல்ல. இன்னொரு பாடம்: உண்மையான எச்சரிக்கை கண்ணில் படாமலும் போகலாம்.

போலி ரிவியூவின் பலம் என்ன என்பதை அதே 2017-ல் லண்டனில் ஓர் எழுத்தாளர் காட்டினார். தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்து, நண்பர்களை வைத்து ரிவியூ எழுத வைத்தார். இல்லாத அந்த உணவகம் லண்டனின் நம்பர் 1 இடத்தைப் பிடித்தது!

இந்தியாவில் இணைய ரிவியூக்களுக்காக இந்திய தர நிர்ணய அமைப்பு 'ஐஎஸ் 19000:2022' என்ற தரநிலையை 2022 நவம்பரில் கொண்டுவந்தது. காசு கொடுத்து எழுத வைக்கக் கூடாது, எழுதியவர் உண்மையானவரா என்று சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அதைப் பின்பற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை. எனவே, சல்லடை வாசகரின் கையில்தான்.

தளத்துக்குத் தளம் வித்தியாசமும் இருக்கிறது. கூகுள் மேப்பில் கணக்கு வைத்திருக்கும் யாரும் எழுதலாம். வாசலில் நின்று செல்ஃபி எடுத்தவரும் ஸ்டார் கொடுக்கலாம். புக்கிங் டாட் காம், அகோடா போன்ற தளங்களில் அந்தத் தளம் வழியாக அறை எடுத்தவர்களே எழுத முடியும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

உண்மையான ரிவியூவைக் கண்டுபிடிக்க...

• 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்திப் படியுங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய புகழ்ச்சி இன்றைய சமையலறையைப் பற்றி எதுவும் சொல்லாது.
• "இன்னார் சார் சர்வீஸ் சூப்பர்" என்று ஊழியர் பெயரை மட்டும் சொல்லும் ஒருவரி ரிவியூக்களை ஒதுக்கிவையுங்கள். அறையைக் காலி செய்யும் நேரத்தில் ஊழியர்கள் கேட்டு வாங்குபவை இவற்றில் அதிகம்.
• ஒரே நாளில் பத்து ஐந்து ஸ்டார் குவிந்திருந்தால், அதற்கு முந்தைய நாட்களில் ஏதாவது மோசமான ரிவியூ வந்திருக்கிறதா என்று பாருங்கள்.
• மூன்று ஸ்டார் ரிவியூக்களைத் தவறவிடாதீர்கள். காசு வாங்கியவரும் கோபத்தில் இருப்பவரும் மூன்று ஸ்டார் கொடுப்பதில்லை. நல்லது, கெட்டது இரண்டும் அங்கேதான் இருக்கும்.
• ஹோட்டலின் படங்களை விட்டுவிட்டு விருந்தினர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். குறிப்பாக பாத்ரூம், குளம், சாப்பாட்டு மேசை.
• நிர்வாகத்தின் பதிலைப் படியுங்கள். "குளத்தின் வடிகட்டி பழுது, மாற்றிவிட்டோம்" என்பது பதில். எல்லாப் புகாருக்கும் ஒரே நன்றி வாசகத்தை ஒட்டுவது பதில் அல்ல.

இந்தக் கடற்கரையில் வரும் புகார்கள்: எது இயல்பு, எது ஆபத்து?

இந்த நெய்தல் நிலத்துக்கு என்று சில குணங்கள் உண்டு. அவை தெரியாமல் ரிவியூ படித்தால் நல்ல இடத்தையும் கைவிட்டுவிடுவோம்.

"சோப்பு நுரைக்கவே இல்லை": தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து தமிழ்நாட்டில் உப்புக்குப் பேர் போன ஊர் மரக்காணம். கடலோர நிலத்தடி நீர் உப்பாக இருப்பது இயல்பு. உப்பு நீரில் சோப்பு நுரைக்காது. குழாய்கள் துருப்பிடித்திருப்பதும் ஏசி அடிக்கடி மக்கர் பண்ணுவதும் உப்புக்காற்றின் வேலை. குடிக்க சுத்திகரித்த தண்ணீர் தருகிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

"ஒரே கொசு, மீன் நாற்றம்": பக்கத்திலேயே கழுவெளி சதுப்புநிலம். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். ஈர நிலம் இருந்தால் கொசுவும் இருக்கும். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று கேட்டால் போதும். மீனவர்கள் கருவாடு காயவைக்கும் கரையில் வாசனை வரத்தான் செய்யும். அது அவர்களின் தொழில்.

"போட்டோவில் இருந்த பீச் காணோம்": இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தது. அதனால் புதுச்சேரி நகரக் கடற்கரையும் அதற்கு வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரையிலான கிராமங்களும் மணலை இழந்தன. பல இடங்களில் கருங்கல் கொட்டித்தான் கரையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்த படத்தில் தெரிந்த மணல்வெளி இன்று இல்லாமல் போயிருக்கலாம். விருந்தினர்களின் சமீபத்திய படத்தில் கடற்கரை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே ஒரே வழி. 'பிரைவேட் பீச்' என்ற வார்த்தையையும் அப்படியே நம்ப வேண்டாம். கடற்கரை பொதுச்சொத்து. அந்த வார்த்தைக்கு, ரிசார்ட்டிலிருந்து நேராக மணலுக்கு இறங்க வழி இருக்கிறது என்பதே பொருள்.

"ரோடு மோசம், ஒரே தூசு": மரக்காணம் - புதுச்சேரி இடையே 46 கி.மீ. சாலையை நான்கு வழியாக்கும் 2,157 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சாலைப் பணி நடக்கும் காலத்து ரிவியூக்களை அந்தக் கணக்கில் வைத்துப் படிக்க வேண்டும்.

இவையெல்லாம் தொந்தரவுகள். கீழே வருபவை வேறு ரகம்.

வயிற்றுப்போக்கு, வாந்தி: ஒருவர் எழுதியிருந்தால் அவர் வழியில் சாப்பிட்டது காரணமாக இருக்கலாம். கடந்த சில மாதங்களில், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று குடும்பங்கள் எழுதியிருந்தால், அது சமையலறையின் பிரச்சனை. அந்த இடம் வேண்டாம்.

நீச்சல்குளம்: தண்ணீர் பச்சையாக, கலங்கலாக இருந்தால் அழுக்கு என்பதைத் தாண்டி இன்னொரு ஆபத்தும் உண்டு. அடியில் குழந்தை மூழ்கிக் கிடந்தால்கூட மேலிருந்து தெரியாது. குளத்தைச் சுற்றித் தடுப்பு இல்லை, உயிர்காப்பாளர் இல்லை என்று எழுதப்பட்டிருந்தால், எத்தனை ஸ்டார் இருந்தாலும் குழந்தைகளோடு போகும் குடும்பம் அதைத் தவிர்ப்பது நல்லது.

அறையின் பாதுகாப்பு: கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, இரவில் யாரோ கதவைத் தட்டினார்கள், ரகசிய கேமரா சந்தேகம் போன்றவை ஒரே ஒரு ரிவியூவில் இருந்தாலும் கவனிக்க வேண்டியவை. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவருக்குத் தெரியாமல் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின் கீழ் குற்றம். அப்படி ஒரு சந்தேகம் எழுந்தால் கருவியைத் தொடாமல், 112-ஐ அழைக்க வேண்டும்.

கடல்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே கடல் கொந்தளிப்பாக இருக்கும். மற்ற மாதங்களிலும் அலை இழுப்பு உண்டு. கரையில் நிற்கும் மீனவர் "இறங்காதீங்க தம்பி" என்று சொன்னால், ரிவியூவைவிட அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

போனில் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. பேக்கேஜில் எந்தெந்த வேளை உணவு? நாங்கள் வரும் நாளில் பஃபேயா, செட் மெனுவா?
2. வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை?
3. குளத்தின் ஆழம் எத்தனை அடி? உயிர்காப்பாளர் எத்தனை மணி வரை இருப்பார்?
4. குடிநீர் சுத்திகரித்ததா? சமையலுக்கும் அதே நீரா?
5. கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேன் மட்டுமா?
6. அறையிலிருந்து கடற்கரை எத்தனை நிமிட நடை? இப்போது மணல் இருக்கிறதா?
7. இரவில் உடம்பு சரியில்லை என்றால் வண்டி ஏற்பாடு உண்டா?
8. புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவீர்களா?

எட்டாவது கேள்வி சும்மா அல்ல. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் இந்தக் கடலோரத்தைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது. 'பணம் திரும்பாது' என்ற மலிவுக் கட்டணத்தில் நவம்பருக்கு புக் செய்வது சூதாட்டம் மாதிரி. பதில்களை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

மருத்துவ வசதி பற்றியும் ஒரு வார்த்தை. காலாப்பட்டில் பிம்ஸ் மருத்துவமனையும், புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கின்றன. மரக்காணத்துக்கு அருகே தங்குபவர்கள் அங்கே போய்ச் சேர ஆகும் நேரத்தை முன்பே மேப்பில் பார்த்து வைப்பது நல்லது.

பணம் கட்டும்போது கவனம்

சுற்றுலாப் பயணிகளைக் குறிவைக்கும் போலி இணையதளங்கள் பற்றி மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. ஹோட்டல் புக்கிங்கும் அந்தப் பட்டியலில் இருந்தது. பாதி விலை, "இன்னும் பத்து நிமிஷத்துல கட்டுங்க", தனிநபர் பெயரில் க்யூஆர் கோடு... இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழைக்க வேண்டும்.

"ஒரே ஒரு அறைதான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் சேர்ப்பது, கேட்காமலேயே இன்சூரன்ஸைக் கூடையில் போடுவது ஆகியவை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி தடை செய்யப்பட்டவை. உணவு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' தானாகச் சேர்ப்பதும் அதே ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலுக்கு எதிரானது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தார்.

போன பிறகு ஏமாற்றம் என்றால்?

முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள். படம், வீடியோ, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதிலும் தீர்வு இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரிசார்ட் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கால வரம்பு 2 ஆண்டுகள். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை.

இறுதியாக, எதைத்தான் தேர்வு செய்வது?

இரண்டு ரிசார்ட்களில் ஒன்றில் "ரூம் பழசு, சோப்பு நுரைக்கலை, வைஃபை வரலை" என்ற புகார்கள். இன்னொன்றில் அறை பளபள, ஆனால் மூன்று மாதத்தில் மூன்று பேர் குளத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஸ்டார் இரண்டாவதற்கே அதிகம் என்றாலும், குழந்தைகளோடு போகும் குடும்பம் தேர்வு செய்ய வேண்டியது முதலாவதை.

திரும்பி வந்ததும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. போன தேதி, தங்கிய நாட்கள், எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று நான்கு வரி எழுதிவிடுங்கள். அடுத்த விடுமுறைக்கு வேறு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அக்கா ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்போவது அந்த நான்கு வரிகளைத்தான்.